எக்ஸ் என்பது ஒரு காலி செல்
பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவும் உங்கள் புதிய கம்ப்யூட்டரும்

சென்ற மாதம் பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திருவண்ணாமலை. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய கோயிலுக்கு அருகில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். நான் வந்தது தெரிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் புதிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மானிட்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

"தம்பி, பாப்பாவுக்குக் கணக்கு வரணும்னுதான் இதை வாங்கினேன். வாங்கி மூணு மாசம் ஆச்சு. மார்க் இன்னும் குறைஞ்சுதான் போயிருக்கு. இதுல ஏதாவது கோளாறா பாருங்க" என்றார்.

கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாடக் கணக்கை மொபைலில் படம் எடுத்தால் விடையும் வழிமுறையும் தருகிற செயலிகள் இருக்கின்றன அல்லவா? அதில் வருவதை அப்படியே நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் சரிக்குறி. காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

"பதினொண்ணாம் வகுப்புல கணக்கு இல்லாத குரூப்பா எடுத்துக்கிறேன் ணா. எனக்கு இந்த எக்ஸ் வை எதுவும் புரியல. எக்ஸ்னா இன்னா தான் அது?" என்று கேட்டாள்.

கணக்கு இல்லாத பிரிவு தாழ்ந்தது ஒன்றும் இல்லை. விரும்பி எடுத்தால் நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணக்குக்கு மட்டும் 100. பிளஸ் டூவில் கணக்கு இல்லை என்றால் அந்தக் கதவு மூடிவிடும். "எக்ஸ் என்றால் என்ன" என்ற ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் ஒரு பெண் அந்தக் கதவை மூடுவது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றும் மறுநாளும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் செய்து பார்த்ததைத்தான் இங்கே தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கலாம். கம்ப்யூட்டரும் புதிதாக இருக்கலாம். இருவருமாக உட்கார்ந்து செய்து பாருங்கள்.

பாடநூலில் என்னதான் இருக்கிறது?

தமிழ்நாடு பாடநூலில் அல்ஜீப்ராவுக்கு இயற்கணிதம் என்று பெயர். 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்பு நூலிலும், 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு நூலிலும் அது மூன்றாவது பாடம். ஒன்பதில் பல்லுறுப்புக்கோவைகள், மீதித் தேற்றம், காரணித் தேற்றம், முற்றொருமைகள், தொகுமுறை வகுத்தல், இரண்டு மாறிகள் கொண்ட நேரிய சமன்பாடுகள். பத்தில் மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகள், விகிதமுறு கோவைகள், இருபடிச் சமன்பாடுகள், அவற்றின் வரைபடங்கள், கடைசியாக அணிகள்.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை எல்லாவற்றிலும் நடக்கும் வேலைகள் மூன்றுதான். ஒன்று, ஒரு கோவையை மதிப்பு மாறாமல் வேறு வடிவில் எழுதுவது. இரண்டு, தெரியாத எண்ணைக் கண்டுபிடிப்பது. மூன்று, இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள உறவைப் படமாகப் பார்ப்பது. இந்த மூன்றையும் உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். அதற்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் போதும். எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிப் பதிந்துகொள்ளுங்கள். அதில் உள்ள கால்க் புரோகிராம் இதே வேலையைச் செய்யும்.

செல்லும் மாறியும்

ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. இடது ஓரத்தில் வரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண். முதல் நெடுவரிசையில் இரண்டாவது செல்லின் பெயர் ஏ2. (டைப் செய்யும்போது இவை ஆங்கில எழுத்துகள் என்பதை நினைவில் வையுங்கள்.)

பி2 செல்லில் கர்சரை வைத்து =5*ஏ2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0 என்று வரும். இப்போது ஏ2-வில் 10 கொடுங்கள். பி2 உடனே 50 ஆகிவிடும். 12 கொடுங்கள், 60 ஆகும். நட்சத்திரக் குறி இங்கே பெருக்கலைக் குறிக்கிறது.

"பி2-வில் ஃபார்முலா எழுதும்போது ஏ2-வில் என்ன இருந்தது?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை. காலியா இருந்துச்சு."

"அப்புறம் எப்படி எழுதினோம்?"

சிறிது நேரம் திரையையே பார்த்தாள். "அதுல எந்த நம்பர் வந்தாலும் அஞ்சால பெருக்குன்னு எழுதினோம்" என்றாள்.

அதுதான் எக்ஸ். இன்னும் எண் வராத செல்லுக்கு வைத்த பெயர். அதற்குள் ஒரே ஒரு எண் ஒளிந்திருக்கலாம், பல எண்கள் வந்து போகலாம். அதனால்தான் பாடநூல் அதை மாறி என்கிறது. 5 என்ற எண் மாறாமல் முன்னால் நிற்கிறது; அது கெழு.

எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு மாறாது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்கள் வருகின்றன. கருப்பைக் குறிக்கும் காலக என்பதை 'கா' என்றும், நீலக என்பதை 'நீ' என்றும் சுருக்கி எழுதினார்கள். எக்ஸ், வை, இசட் என்ற வழக்கம் பிரான்சின் தெக்கார்த் 1637-ல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது. அதனால் இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்துகளையே பயன்படுத்தப் போகிறேன். நோட்டில் எழுதும்போது பிள்ளைகள் எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளட்டும்.

அல்ஜீப்ரா என்ற சொல்லுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஓர் உறவு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் வரும் 'அல்ஜபர்' என்பதுதான் அல்ஜீப்ரா ஆனது. அவருடைய பெயரே திரிந்து அல்காரிதம் ஆனது. நாங்கள் புரோகிராம் எழுதும்போது ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் சொல் அது.

முதல் பயிற்சி: தவறைப் பிடிப்போம்

பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். (க + ப)² என்பதை க² + ப² என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

ஏ2-வில் 3, பி2-வில் 4 கொடுங்கள். சி2-வில் =(ஏ2+பி2)^2 என்றும், டி2-வில் =ஏ2^2+பி2^2 என்றும், இ2-வில் =ஏ2^2+2*ஏ2*பி2+பி2^2 என்றும் டைப் செய்யுங்கள். ^ குறி ஷிப்ட் கீயுடன் 6 அழுத்தினால் கிடைக்கும். அடுக்கு என்று பொருள். விடைகள் 49, 25, 49. நடுவில் உள்ளது மட்டும் தனியாக நிற்கும். விடுபட்டுப் போன 2கப-வின் மதிப்பு 24.

எண்களை மாற்றிக்கொண்டே இருங்கள். முதலும் மூன்றாவதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். எந்த எண் கொடுத்தாலும் பொருந்துவதால்தான் அதற்கு முற்றொருமை என்று பெயர். 103-ன் வர்க்கத்தை மனதிலேயே போட இது உதவும். 100, 3 என்று பிரித்தால் 10000 + 600 + 9 = 10609.

இப்போது பி2-வில் 0 கொடுத்துப் பாருங்கள். மூன்றுமே ஒன்றாகிவிடும்! தவறான ஃபார்முலாவும் சரி போலத் தெரியும். ஆகவே ஒரே ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. எண் போட்டுப் பார்ப்பது தவறைக் காட்டிக் கொடுக்கும். சரி என்பதை நிரூபிக்க, அடைப்புக்குறியைப் பிரித்துக் காகிதத்தில்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது பயிற்சி: அகல் விளக்குக் கணக்கு

அவளுடைய அப்பா கடையிலிருந்தே ஒரு கணக்கு எடுத்தோம். சிறிய அகல் விளக்கு 5 ரூபாய், பெரியது 8 ரூபாய். மாலையில் பார்த்தால் மொத்தம் 100 விளக்குகள் விற்றிருக்கின்றன. கல்லாவில் 620 ரூபாய். சிறியவை எத்தனை, பெரியவை எத்தனை?

சிறியவை க, பெரியவை ப என்று வைத்துக்கொண்டால்:

க + ப = 100
5க + 8ப = 620

இவைதான் ஒருங்கமை நேரிய சமன்பாடுகள். இவற்றைத் தீர்க்க நீக்கல் முறை, பிரதியிடல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று புத்தகத்தில் வரிசையாக வரும். அதையெல்லாம் மறந்துவிட்டு முதலில் ஓர் அட்டவணை போடுவோம்.

1. ஏ1-ல் 'சிறியவை', பி1-ல் 'பெரியவை', சி1-ல் 'பணம்' என்று தலைப்பு கொடுங்கள்.

2. ஏ2-விலிருந்து கீழே 0, 10, 20 என்று 100 வரை வரிசையாகக் கொடுங்கள்.

3. பி2-வில் =100-ஏ2 என்று டைப் செய்யுங்கள்.

4. சி2-வில் =5*ஏ2+8*பி2 என்று டைப் செய்யுங்கள்.

5. பி2, சி2 இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள். ஃபார்முலா எல்லா வரிசைகளுக்கும் நகலாகிவிடும்.

பணம் 800, 770, 740 என்று இறங்கிக்கொண்டே வரும். சிறியவை 60, பெரியவை 40 உள்ள வரிசையில் 620 நிற்கும்.

விடை கிடைத்ததும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. "ஒவ்வொரு வரிசைக்கும் முப்பது ரூபா குறையுது ணா. அப்ப ஒரு விளக்குக்கு மூணு ரூபா" என்றாள். பெரியதற்குப் பதில் சிறியது ஒன்று விற்றால் 3 ரூபாய் குறையும் என்பதைத் திரையே சொல்லிவிட்டது. பிறகு அவளாகவே ஒரு காகிதம் எடுத்து எழுதினாள்: நூறுமே பெரியவை என்றால் 800. கல்லாவில் 620. வித்தியாசம் 180. அதை 3-ஆல் வகுத்தால் 60.

பாடநூலைத் திறந்து நீக்கல் முறையைக் காட்டினேன். முதல் சமன்பாட்டை 8-ஆல் பெருக்கினால் 8க + 8ப = 800. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 3க = 180. அவள் காகிதத்தில் இருந்த அதே 800, அதே 180, அதே 3. "இதையா நான் இத்தனை நாள் மனப்பாடம் பண்ணேன்?" என்றாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அட்டவணையில் எது எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது பயிற்சி: கிரிவலக் கணக்கு

அடுத்தது இருபடிச் சமன்பாடு. இதற்கு எங்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அவளும் அவளுடைய ஆயாவும் ராஜகோபுரத்தின் முன்னாலிருந்து ஒன்றாகப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஆயாவைவிட மணிக்கு அரை கிலோமீட்டர் வேகமாக நடக்கிறாள். அரை மணி நேரம் முன்னதாக வந்து கோபுர வாசலில் காத்திருக்கிறாள். ஆயாவின் வேகம் என்ன?

வேகத்தை 'வே' என்போம். ஆயாவுக்கு ஆன நேரம் 14/வே. அவளுக்கு ஆன நேரம் 14/(வே + ½). வித்தியாசம் ½ மணி.

முன்பு போலவே அட்டவணை போடலாம். ஏ நெடுவரிசையில் 2, 2.5, 3, 3.5, 4 என்று வேகங்கள். பி2-வில் =14/ஏ2, சி2-வில் =14/(ஏ2+0.5), டி2-வில் =பி2-சி2. இழுத்து விட்டால் கடைசி நெடுவரிசையில் வித்தியாசம் 1.4 மணியில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். 3.5 உள்ள வரிசையில் சரியாக 0.5. ஆயாவுக்கு 4 மணி நேரம், பேத்திக்கு மூன்றரை மணி நேரம்.

இதையே காகிதத்தில் செய்வோம். பின்னங்களை நீக்க இரு பக்கமும் வே(வே + ½)-ஆல் பெருக்கிச் சுருக்கினால்:

2வே² + வே − 28 = 0

காரணிப்படுத்தினால் (2வே − 7)(வே + 4) = 0. ஆகவே வே = 3.5 அல்லது வே = −4.

படம் வரையலாம்

அதே சமன்பாட்டை வரைபடமாகப் பார்ப்போம். பொதுத்தேர்வில் பிள்ளைகள் கிராஃப் தாளில் வரைவது இதைத்தான். புதிய ஷீட்டில் ஏ1-ல் 'வேகம்', பி1-ல் 'மதிப்பு' என்று தலைப்பு கொடுங்கள். ஏ2-விலிருந்து −6 முதல் 6 வரை எண்கள். பி2-வில் =2*ஏ2^2+ஏ2-28 என்று கொடுத்துக் கீழே இழுத்து விடுங்கள். இரு நெடுவரிசைகளையும் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் பகுதிக்குச் சென்று, ஸ்கேட்டர் என்ற வகையில் கோட்டுடன் கூடியதைத் தேர்ந்தெடுங்கள். லைன் என்ற வகையை எடுக்காதீர்கள். அது முதல் நெடுவரிசையை அச்சாக எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு கோடாக வரைந்துவிடக்கூடும்.

கிண்ணம் போன்ற வளைகோடு ஒன்று கிடைக்கும். கிடைமட்ட அச்சை அது இரண்டு இடங்களில் வெட்டும். இடப்பக்கம் −4. வலப்பக்கம் 3-க்கும் 4-க்கும் நடுவில். வெட்டும் இடங்கள்தான் விடைகள். அவற்றை மூலங்கள் என்கிறோம். பி1-ல் தலைப்பை விட்டுவிட்டு ஃபார்முலாவில் −28 என்பதை 28 என்று மாற்றி மறுபடி இழுத்து விட்டால், வளைகோடு மேலே ஏறிக்கொள்ளும். அச்சைத் தொடவே தொடாது. அந்தச் சமன்பாட்டுக்கு மெய்யெண் விடை இல்லை. இதைப் படம் வரையாமலே முன்கூட்டிச் சொல்வதுதான் தன்மைக்காட்டி. நம் கணக்கில் அதன் மதிப்பு 1 + 224 = 225. மிகை எண் என்பதால் இரண்டு விடைகள்.

இங்கே என் கதை ஒன்று. பத்தாம் வகுப்பில் தன்மைக்காட்டியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். கல்லூரி முதலாண்டு லேபில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சி புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு சமன்பாட்டைக் கொடுத்ததும் விடைக்குப் பதிலாக 'எண் அல்ல' என்ற பொருளில் 'நேன்' என்று திரையில் வந்தது. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தன்மைக்காட்டி பூஜ்யத்தைவிடக் குறைவா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஃபார்முலா தெரியும், அது எதற்கு என்று தெரியாது. அந்த ஒரு வரியைச் சேர்க்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

கோல் சீக்: விடையிலிருந்து பின்னோக்கி

விடை எவ்வளவு வர வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதற்கு எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று தேடித் தரும் வசதி ஸ்ப்ரெட்ஷீட்டில் உண்டு. கோல் சீக் என்று பெயர். எக்ஸெலில் டேட்டா டேபில் 'வாட் இஃப் அனாலிசிஸ்' என்பதன் கீழும், கால்க்கில் டூல்ஸ் மெனுவிலும் இருக்கும்.

ஏ20-ல் 1 கொடுத்து, பி20-ல் =2*ஏ20^2+ஏ20-28 என்று டைப் செய்யுங்கள். கோல் சீக்கைத் திறந்து, ஃபார்முலா உள்ள செல்லாக பி20, வர வேண்டிய மதிப்பாக 0, மாற்ற வேண்டிய செல்லாக ஏ20 என்று கொடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். ஏ20-ல் 3.5 வந்து நிற்கும். 3.4999 என்பது போலவும் வரலாம். கம்ப்யூட்டர் இங்கே காரணிப்படுத்துவதில்லை. ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்துப் போதுமான அளவு நெருங்கியதும் நின்றுவிடுகிறது.

இப்போது ஏ20-ல் −10 கொடுத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இந்த முறை −4 வரும்.

"எது சரி ணா?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு. ஆயா மைனஸ் நாலு கிலோமீட்டர் வேகத்துல நடப்பாங்களா?"

சிரித்துவிட்டாள். "கிரிவலத்தை யாரும் எதிர்ப்பக்கமா சுத்த மாட்டாங்க!"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். 3.5-ம் −4-ம் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. ஆயாவையும் தெரியாது, மலையையும் தெரியாது. கதையைக் கேட்டு அதைச் சமன்பாடாக எழுதுவதும், வந்த விடையைக் கதைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் நம் வேலை. நடுவில் உள்ள கணக்கைத்தான் கம்ப்யூட்டர் செய்கிறது. படம் எடுத்தால் விடை தரும் செயலியும் அந்த நடுப்பகுதியை மட்டுமே செய்கிறது. தேர்வு கேட்பதோ மூன்றையும்.

ஜியோஜீப்ராவும் பார்க்கலாம்

ஸ்ப்ரெட்ஷீட் பழகியதும் ஜியோஜீப்ரா புரோகிராமுக்குப் போகலாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது. வீட்டில் படிப்பதற்குப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பிரவுசரிலேயே திறக்கலாம். சமன்பாட்டை டைப் செய்தால் போதும். படம் தானே வரும். எண்களுக்குப் பதில் எழுத்துகளாகக் கெழுக்களைக் கொடுத்தால் அவற்றுக்கு ஸ்லைடர்கள் கிடைக்கும். மவுஸால் நகர்த்த நகர்த்த வளைகோடு விரிவதையும் குறுகுவதையும் தலைகீழாகக் கவிழ்வதையும் பார்க்கலாம். 2018-க்குப் பின் வந்த பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்ற தலைப்பில் ஜியோஜீப்ரா பயிற்சிகளும் கியூஆர் குறியீடுகளும் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. இன்றே திறந்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

சமக்குறி இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல. நோட்டில் = என்றால் இரு பக்கமும் சமம் என்று பொருள். ஸ்ப்ரெட்ஷீட்டில் செல்லின் தொடக்கத்தில் வரும் = என்பது 'இதைக் கணக்கிடு' என்ற கட்டளை. ஏ1 செல்லுக்குள்ளேயே =ஏ1+1 என்று கொடுத்துப் பாருங்கள். கால்க்கில் எரர் 522 என்று வரும். எக்ஸெலும் எச்சரிக்கும். தன்னையே பார்த்துத் தன்னைக் கணக்கிடச் சொல்கிறோம் அல்லவா? நோட்டில் எழுதினாலும் தன்னைவிட ஒன்று கூடுதலான எண் என்று எதுவும் இல்லை.

பெருக்கல் குறியை விட்டுவிடாதீர்கள். நோட்டில் 5க என்றால் போதும். ஸ்ப்ரெட்ஷீட்டில் நட்சத்திரக் குறி கட்டாயம்.

திரையில் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு கணக்கையும் ஒரு முறை காகிதத்தில் முழுமையாக எழுத வேண்டும். தேர்வு அறைக்குள் மவுஸ் வராது.

விடை தரும் செயலிகளை முழுவதும் தடை செய்ய வேண்டியதில்லை. முதலில் தானே போட்டு, பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக

நான் சென்னை திரும்பிய பத்தாம் நாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவளே எழுதிய கணக்கு. கடையில் கற்பூரப் பாக்கெட் விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் பத்துப் பாக்கெட் குறைவாக விற்கிறது என்றால், எவ்வளவு ஏற்றினால் கல்லாவில் அதிகப் பணம் சேரும் என்று கேட்டிருந்தாள். கீழே அட்டவணை, அதற்கும் கீழே தலைகீழாகக் கவிழ்ந்த கிண்ணம் போன்ற வளைகோடு. இது அவள் பாடநூலில் உள்ள கணக்கு அல்ல. கணக்கில் ஓரிடத்தில் அடையாளக் குறி தவறியிருந்தது. படத்தைப் பார்த்தாலே தெரியும் என்று மட்டும் பதில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினாள்.

அரையாண்டில் எவ்வளவு வாங்குவாள் என்று எனக்குத் தெரியாது. குரூப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கிறேன் ணா. ஆனா பயந்துக்கிட்டு எடுக்க மாட்டேன்" என்றாள். அது போதும்.

அவளுடைய அப்பாவும் போனில் பேசினார். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறார். தீபத்துக்கு எத்தனை அகல் விளக்கு வாங்கிப் போடலாம் என்று மகளிடம் கணக்குக் கேட்டிருக்கிறாராம். "முதல்ல போன வருஷக் கணக்கைக் குடு, அப்பத்தான் சமன்பாடு எழுத முடியும்னு சொல்லுது தம்பி" என்றார்.

சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்று மாலை ஒரு காலி ஷீட்டைத் திறந்து வையுங்கள். பால் கணக்கோ, மின் கட்டணமோ, பஸ் டிக்கெட்டோ, வீட்டுக் கணக்கு ஒன்றில் தொடங்குங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.